விராலைத் தின்ற புண், ஜிலேபியைத் தொடாத புண்

நீருக்குள் ஒரு வரலாறு: பகுதி 14

சென்ற பகுதியைத் தாடையில்லாத மீன்களோடு நிறுத்தியிருந்தோம். லாம்ப்ரே போன்ற அந்தப் பழைய வம்சம், நம்மிடம் இருக்கும் எதிர்ப்பொருள் இல்லாமலேயே, வேறொரு வகைப் புரதத்தை வைத்துக் கிருமியை அடையாளம் காண்கிறது என்று பார்த்தோம். இந்தப் பகுதியில் தாடையுள்ள மீன்கள். இவற்றைத் தேடி ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரம் பக்கத்துக் கண்மாய்க்கரையே போதும்.

1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு 18-ம் கால்வாய் வழியாகக் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகிறது. கண்மாய் நிறைந்த வருடம் மீன்பாசி ஏலமும் களைகட்டும். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விடுவார். காசு கொடுக்காமலே வந்து சேர்பவை ஜிலேபியும் விராலும். ஜிலேபி பெருகினால் கெண்டைக்கு இரை குறையும். விரால் பெருகினால் கெண்டைக் குஞ்சையே விழுங்கும். ஆனாலும் வலையில் விரால் விழுந்தால் குத்தகைக்காரருக்குச் சந்தோஷம்தான். உயிரோடு சந்தைக்குப் போகும், விலையும் கூடுதல்.

மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தையில் முதலில் அடிபடுவதும் இந்த விரால்தான். செதிலுக்கு அடியில் சிவப்புப் புள்ளியாகத் தொடங்கும். சில நாளில் புள்ளி புண்ணாகும், புண் குழியாகும், குழியில் சதை தெரியும். மீன் தலையை மேலே தூக்கியபடி மிதந்து, கையால் பிடிக்கிற அளவுக்குச் சோர்ந்துவிடும். அதே தண்ணீரில் பக்கத்திலேயே ஜிலேபி தோலில் கீறல்கூட இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். ஒரே நீர், ஒரே கிருமி. ஒன்று சாகிறது, மற்றொன்று பிழைக்கிறது. மீன்களின் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி சொல்லிக்கொள்கின்றன, அந்த ஏற்பாடு எப்போது வந்தது என்ற பெரிய வரலாற்றுக்கு இந்தச் சின்னக் கேள்விதான் வாசல்.

புண் வந்த வழி

இந்த நோய் 1971-ல் ஜப்பானிலும் 1972-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பதிவானது. 1980-களில் தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, 1987-ல் இலங்கைக்கும் 1988-ல் இந்தியாவுக்கும் வந்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு நீர்நிலைகளையும் எட்டியது. புண்ணோடு கிடக்கும் மீனை வாங்க ஆளில்லாமல், நோயில்லாத மீனும் விலை போகாமல் மீனவர்கள் தவித்த காலம் அது.

காரணம் அஃபனோமைசஸ் இன்வடன்ஸ் என்ற உயிரி. பார்க்கப் பூஞ்சை மாதிரியே நூல் நூலாக இருக்கும். ஆனால் பூஞ்சை இனத்தில் சேர்ந்ததல்ல, நீரில் வாழும் தனி வகை. குளிர்ந்த நீரில் அதன் வித்துகள் தோலில் ஒட்டி, நூலாக முளைத்து, தசைக்குள் இறங்குகின்றன. புண் திறந்த பிறகு ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே நுழைந்து மிச்ச வேலையை முடிக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்களை இது தாக்கும். ஜிலேபி, சாதாக் கெண்டை, பால் மீன் மூன்றும் தப்பிக்கும் கூட்டம்.

நோய்பட்ட விரால் தசையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நூல்கள் தசையைத் துளைத்துக்கொண்டு உள்ளுறுப்பு வரை போயிருப்பது தெரியும். சாதாக் கெண்டையில் காட்சி வேறு. நூல் நுழைந்த இடத்தில் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, ஒவ்வொரு நூலையும் சுற்றி அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பியிருக்கும். விராலிடமும் வெள்ளணுக்கள் உண்டு, சுவரும் எழுகிறது. ஆனால் அது எழுவதற்குள் நூல் தாண்டிப் போய்விடுகிறது. ஆக, அணு இருக்கிறதா என்பதல்ல விஷயம். எத்தனை சீக்கிரம், எந்த இடத்துக்கு வந்து சேர்கிறது என்பதுதான். அணுக்களைக் கூப்பிட்டு அனுப்பும் வேலை சில சின்னப் புரதங்களுடையது.

கூப்பிடும் புரதங்கள்

கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்ற சொல் செய்தித்தாள்களில் அடிபட்டது நினைவிருக்கும். அந்த சைட்டோகைன்கள்தான் இவை. ஓர் அணு கிருமியைக் கண்டதும் இவற்றை வெளியே விடுகிறது. இன்னோர் அணு தன் மேலுறையில் உள்ள ஏற்பியால் பிடித்துக்கொண்டு அதற்கேற்ப நடக்கிறது. இன்டர்லூக்கின்-1 அழற்சியைத் தொடங்கிவைக்கும். இன்டர்ஃபெரான் பக்கத்து அணுக்களை வைரஸுக்கு எதிராகத் தயாராக்கும். கீமோகைன் அணுக்களைப் புண் இருக்கும் திசைக்கு இழுக்கும். இன்டர்லூக்கின்-10, ‘போதும், அடங்கு’ என்று நிறுத்தும். கடைசியில் சொன்னதும் முக்கியம். நிறுத்த ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா வார்டுகளில் பார்த்தோம்.

இந்த அணுக்கள் மீனின் உடம்பில் எங்கே பிறக்கின்றன என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஜிலேபியைச் செதில் உரசி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு, முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். ரத்தம் உறைந்து கிடக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டி எறிவோம். அது ரத்தக்கட்டு அல்ல, சிறுநீரகம். தலைப் பக்கம் உள்ள அதன் முன்பகுதி சிறுநீர் பிரிப்பதில்லை; நமக்கு எலும்பு மஜ்ஜை செய்கிற வேலையை மீனுக்கு அதுதான் செய்கிறது. மீனுக்கு மஜ்ஜையும் கிடையாது, நிணநீர்க் கணுக்களும் கிடையாது. தலைச் சிறுநீரகம், மண்ணீரல், செவுள் மூடிக்கு உள்ளே மேல்பக்கம் ஒட்டியிருக்கும் தைமஸ் ஆகியவற்றை வைத்தே சமாளிக்கிறது.

மதுரை, 1975

இந்த உறுப்புகளை ஜிலேபியில் முறையாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னது மதுரை. பிறகு 1978-ல் காமராசர் பெயரைப் பெற்ற மதுரைப் பல்கலைக்கழகத்தில், வி.ஆர். முத்துக்கருப்பன் நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கு அடித்தளமிட்டார். எல்லோரும் எலி, முயலோடு நிற்க, அவருடைய குழு நம் வேலியோர ஓணானையும் கண்மாய் ஜிலேபியையும் எடுத்துக்கொண்டது. கே. சைலேந்திரியும் அவரும் 1975-ல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டனர். ஒன்று, ஜிலேபியின் நிணநீர் உறுப்புகள் எப்படி அமைந்துள்ளன என்பது. மற்றொன்று, கரைசலாகச் செலுத்திய அந்நியப் பொருளுக்கும் அந்நிய அணுக்களுக்கும் அந்த மீன் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது. மீன் நோய் எதிர்ப்பியல் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் குறிப்பிடும் கட்டுரைகள் அவை.

ஜிலேபி கிடைத்ததற்கும் ஒரு சரித்திரம் உண்டு. மொசாம்பிக் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் 1930-களின் கடைசியில் ஜாவாவில் தலைகாட்டி, தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவி, 1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபம் வந்து இறங்கியது. உணவுப் பஞ்சத்துக்கு மலிவான புரதம் என்ற நல்ல எண்ணம்தான். சில ஆண்டுகளிலேயே உள்நாட்டு மீன்களை நெருக்கும் தொல்லையாக மாறி, பரப்பக் கூடாது என்று தடையும் வந்தது. அதற்குள் அது ஊரெல்லாம் கண்மாயில் குடியேறிவிட்டது. வேண்டாத விருந்தாளி ஆய்வுக்கூடத்துக்குத் தோதான மீனானது.

இன்று திரும்பிப் பார்த்தால், அணு உண்டு, உறுப்பு உண்டு, எதிர்வினை உண்டு என்று முத்துக்கருப்பன் குழு காட்டியது தெரிகிறது. மீனில் அணுக்களுக்கு நடுவே போய்வரும் புரதம் எது என்று பிடிப்பதற்கான கருவி அன்று உலகில் யாரிடமும் இல்லை.

கால் பங்கு ஒற்றுமை

இன்டர்ஃபெரானை 1957-ல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டார்கள். ‘இன்டர்லூக்கின்’ என்ற பெயர் 1979-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில் சூட்டப்பட்டது. மீனிலோ, இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் மரபணு கையில் கிடைக்க 1999 ஆனது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜுன் ஸோ, கிறிஸ்டஃபர் செகோம்ப்ஸ் குழு வானவில் டிரவுட் மீனில் அதைக் கண்டது. மீன் இன்டர்ஃபெரானின் மரபணு 2003-ல்தான் வெளிவந்தது. லண்டன் கண்டுபிடிப்புக்கும் இதற்கும் இடையே 46 ஆண்டுகள்.

இத்தனை தாமதத்துக்குக் காரணம் இந்தப் புரதங்களின் குணம். மனிதரும் இன்றைய பெரும்பான்மை மீன்களும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து சுமார் 43 கோடி ஆண்டுகள். அதன் பிறகும் ஹிஸ்டோன் போன்ற புரதங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. சைட்டோகைன்கள் அப்படி இல்லை. கிருமிகள் இவற்றைப் போலி செய்யும், தடுக்கும், திருடும். அதிலிருந்து தப்ப இவை மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மீன் இன்டர்லூக்கின் பலவற்றை மனிதருடையதோடு வைத்துப் பார்த்தால் அமினோ அமில வரிசையில் கால் பங்கு அளவே ஒத்துப்போகும். மனிதப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மீனில் ஒட்டாது. மனித மரபணுவைத் தூண்டிலாகப் போட்டால் மீன் மரபணு மாட்டாது.

வழி திறந்தது ஃபூகு என்ற ஜப்பானியப் பேத்தை மீன். அதன் மரபணுத் தொகுதி மனிதருடையதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தேவையில்லாத நிரப்பு குறைவு. அதைப் படிக்கலாம் என்று 1993-ல் யோசனை சொன்னவர் சிட்னி பிரென்னர். சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷ் உள்ளிட்டோர் உழைக்க, 2002-ல் அதன் வரைவு வெளியானது. இப்போது தேடும் முறையே மாறியது. பேரை மாற்றிக்கொண்டு ஊரில் இருக்கும் ஆளை, இடப்பக்க வீடு யாருடையது, வலப்பக்க வீடு யாருடையது என்று கேட்டு அடையாளம் காண்பது போல, மரபணுவின் அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். மனிதரில் இன்டர்ஃபெரான் காமாவுக்கு அருகில் என்னென்ன மரபணுக்கள் உண்டோ, ஃபூகுவில் அதே வரிசை இருந்த இடத்தில் தோண்ட, 2004-ல் அது அகப்பட்டது. அடுத்த ஆண்டே இன்டர்லூக்கின்-2, இன்டர்லூக்கின்-21 இரண்டும் அருகருகே அதே பாணியில் கிடைத்தன. எழுத்து முக்கால் பங்கு மாறியும், புரதம் மடியும் வடிவமும் அது இருக்கும் இடமும் நிலைத்திருந்தன.

இந்த வழியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. யானைச்சுறாவின் மரபணுத் தொகுதியை 2014-ல் வெங்கடேஷ் குழு வெளியிட்டபோது, மற்ற எதிர்ப்பு அணுக்களை ஏவும் உதவி டி-அணுக்களுக்கு வேண்டிய பல செய்திப் புரதங்கள் அதில் காணப்படவில்லை என்றது. அதே ஆண்டில் டைக்ஸ்ட்ரா குழு அதே தரவை மறுபடி சல்லடை போட்டு, அவற்றில் சிலவற்றுக்கு உறவான மரபணுக்கள் உண்டு என்று காட்டியது.

இரட்டித்த மரபணுக்கள்

முதுகெலும்புள்ள உயிர்களின் தொடக்கத்தில் மரபணுத் தொகுதி முழுவதும் இரண்டு முறை இரட்டித்தது. பிறகு சுமார் 32 முதல் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், கெண்டை, விரால், ஜிலேபி எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மீனில் மூன்றாவது இரட்டிப்பு நடந்தது. நமக்கு அது இல்லை. கூடுதலாகக் கிடைத்த பிரதிகளில் பல அழிந்தன, சில தனி வேலை கற்றன. நம்மிடம் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என இரண்டாக இருப்பவை மீனில் 4/13 என்ற ஒரே குடும்பம். அதற்கு ஏ, பி என்று இரு கிளை. கீமோகைன்களிலும் வரிக்குதிரை மீனிடம் மனிதரைவிட அதிக வகை உண்டு.

இன்டர்ஃபெரானில் நடந்தது இன்னும் வேடிக்கை. மீனில் அதன் மரபணு ஐந்து துண்டாகப் பிரிந்து, நடுநடுவே வெற்று இடைவெளிகளோடு இருக்கிறது. மனிதரின் ஆல்ஃபா, பீட்டா இன்டர்ஃபெரான் மரபணுக்களில் இடைவெளியே இல்லை. நீரிலிருந்து தரைக்கு வந்த வம்சத்தில், இடைவெளி நீக்கப்பட்ட ஆர்.என்.ஏ. பிரதி ஒன்று திரும்ப டி.என்.ஏ.வாக மாறி மரபணுத் தொகுதிக்குள் ஒட்டிக்கொண்டது. நம்முடையவை அந்தப் பிரதியின் வாரிசுகள். தவளையில் இரண்டு வகையும் உண்டு.

சாதாக் கெண்டையின் வம்சத்தில் சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நான்காவது இரட்டிப்பும் நடந்ததால், பல சைட்டோகைன்கள் அதனிடம் இரட்டைப் பிரதியாக உள்ளன. அதனால்தான் சாதாக் கெண்டைக்குப் புண் வருவதில்லை என்று சொல்லத் தோன்றும். ஜிலேபி அந்த வாதத்தை உடைக்கிறது. அதற்கு நான்காவது இரட்டிப்பு இல்லை, இருந்தும் பிழைக்கிறது. எத்தனை பிரதி என்பதைவிட, எப்போது பேசுகிறது என்பதே உயிரைக் காக்கிறது.

மீனுக்கும் காய்ச்சல்

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று காய்ச்சல். பெரும்பாலான மீன்களால் தம் உடம்பைத் தாமே சூடாக்க முடியாது. சூடான நீர் இருக்கும் இடத்துக்கு நீந்திப் போகத்தான் முடியும். 1976-ல் அமெரிக்காவில் ரெய்னால்ட்ஸும் சகாக்களும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவைக் கொன்று மீன்களுக்கு ஊசி போட்டார்கள். மீன்கள் வழக்கத்தைவிட இரண்டரை டிகிரி அளவு கூடுதலான சூடுள்ள நீரைத் தேடிப் போயின. காய்ச்சல் வெப்ப ரத்தப் பிராணிகளின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு மீனும் சான்றானது.

2017-ல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு அடுத்த படிக்குப் போனது. 24, 28, 32 டிகிரி என மூன்று அறை கொண்ட தொட்டியில் சாதாக் கெண்டையை விட்டு, அதைக் கொல்லும் ஹெர்ப்பிஸ் வைரஸைத் தொற்ற வைத்தார்கள். மீன்கள் சூடான அறைக்குப் போயின, ஆனால் தாமதமாக. வைரஸிடமிருந்து ஒரே ஒரு மரபணுவை நீக்கியபோது சீக்கிரமே போயின. அந்த மரபணு செய்வது ஒரு போலி ஏற்பி. ‘டி.என்.எஃப். ஆல்ஃபா’ என்ற செய்திப் புரதத்தை வழியிலேயே அது பிடித்து வைத்துக்கொள்கிறது. செய்தி மூளைக்குப் போகாமல் மீன் குளிர்ந்த நீரிலேயே கிடக்க, வைரஸ் பெருகுகிறது. மீனின் சைட்டோகைன்கள் ஏன் இத்தனை வேகமாக உருமாறின என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

கரிசலாங்கண்ணியும் விராலும்

தமிழ்நாட்டில் இந்த வரலாறு 1975-ஓடு நிற்கவில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆர். தினகரன் மைக்கேல் குழு அதே ஜிலேபியை எடுத்து, துளசி, தூதுவளை, கரிசலாங்கண்ணி இலைச் சாறுகள் அதன் எதிர்ப்புத் திறனை என்ன செய்கின்றன என்று அளந்தது. 2007-ல் வந்த ஆய்வில் கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தீவனத்தோடு கொடுத்தபோது, ஏரோமோனாஸ் தொற்றைத் தாங்கும் திறன் கூடியது. பாட்டி வைத்தியம் ஜெயித்தது என்று கொண்டாட வேண்டாம். அளவும் நாளும் முக்கியம். தூண்டிக்கொண்டே இருந்தால் பலன் ஏறிக்கொண்டே போகாது.

சென்னையை ஒட்டிய எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஜேசு ஆரோக்கியராஜ் குழு 2010-களில் விராலையே கையில் எடுத்தது. அஃபனோமைசஸும் ஏரோமோனாஸும் தொற்றிய விராலில் எந்தெந்த மரபணு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, அதன் கீமோகைன்கள் பலவற்றை வரிசைப்படுத்தி வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் டிரவுட்டுக்கு 1999-ல் கிடைத்த கவனம், நம் விராலுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இதெல்லாம் குத்தகைக்காரருக்கு எதற்கு? நார்வேயைப் பாருங்கள். 1987-ல் அந்நாட்டு சால்மன் பண்ணைகள் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக்கைக் கொட்டின. தடுப்பூசி வந்த பிறகு மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும், மருந்துப் பயன்பாடு மிகச் சொற்பமாகக் குறைந்தது. அந்த ஊசியில் கிருமித் துணுக்கோடு எண்ணெய் கலந்திருக்கும். புரதங்களைக் கூப்பிட வைப்பது அந்த எண்ணெயின் வேலை. எந்தப் புரதம் எந்த அணுவைக் கூப்பிடும் என்று தெரிந்தால்தான் அப்படி ஓர் ஊசியை யோசித்துச் செய்ய முடியும். அஃபனோமைசஸ் பாக்டீரியா அல்ல. அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது. விராலுக்குப் புண் கண்டதும் மருந்துக்கடையில் பவுடர் வாங்கிக் கண்மாயில் கரைப்பது வீண் செலவு மட்டுமல்ல, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை நாமே வளர்ப்பதும்கூட. குளிர்காலத்துக்கு முன் நீரின் தன்மையைப் பார்த்து அளவாகச் சுண்ணாம்பு இடுவதும், நோய்கண்ட இடத்து மீனையும் வலையையும் வேறு கண்மாய்க்குக் கொண்டுபோகாமல் இருப்பதுமே இன்று கையில் உள்ள தற்காப்பு.

இன்னொன்றும் செய்யலாம். நாட்டின் நீர்வாழ் உயிர்களின் நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2013-ல் தொடங்கியது. நோயை நேரடியாகத் தெரிவிக்க ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ என்ற கைபேசிச் செயலியும் 2023-ல் வந்தது. வரும் மார்கழியில் உங்கள் ஊர்க் கண்மாயில் புண்ணோடு விரால் மிதந்தால், படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து, மீன்வளத் துறைக்கோ அந்தச் செயலிக்கோ அனுப்புங்கள். ஆய்வுக்கூடத்துக்கு முதலில் வேண்டியது அந்தத் தகவல்தான்.

அடுத்த பகுதியில், தன் எதிர்ப்புப் படையின் ஒரு முக்கியப் பிரிவையே தொலைத்துவிட்டும் செழித்திருக்கும் காட் மீனைப் பார்ப்போம்.

(தொடரும்)